சுகர் ஏறியபோது கண் மங்கியதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊசிநூல்:
வயது 52. வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. ஒரு நாள் அதைத் தேடச் சோம்பல்பட்டு வெறும் கண்ணாலேயே ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையே உள்ளே போய்விட்டது! வீடு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதே வாரம் தூரத்துப் பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை, ராத்திரியில் நாலு தடவை எழுந்தேன். இதையெல்லாம் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. டெஸ்ட் எடுத்தால் வெறும் வயிற்றில் 312. மாத்திரை ஆரம்பித்து சுகர் இறங்க இறங்க, கிட்டத்து எழுத்து முன்னைவிட மோசமாகக் கலங்கியது. மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது என்று மூன்று நாள் நிறுத்திவிட்டேன். அந்த மூன்று நாள்தான் இன்னும் உறுத்துகிறது.

டிராயர்:
நான் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடியே வாங்கிவிட்டேன். ஐந்து வாரத்தில் அது உதவாமல் போய் இப்போது டிராயரில் தூங்குகிறது. கண் லென்ஸுக்குள் சர்க்கரை சார்பிட்டாலாக மாறித் தண்ணீரை இழுக்குமாம். லென்ஸ் உப்பி பவர் மாறுமாம். சுகர் ஒரு நிலைக்கு வந்து 4 முதல் 6 வாரமாவது ஆன பிறகே பவர் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, தானாகச் சரியாகிவிடும்.

வலதுகண்:
"பயப்பட ஒன்றுமில்லை" என்றுதான் நானும் இருந்தேன். ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது வாஷ்பேசினில் முடி கிடக்கிறதென்று தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை. கண்ணைத் திருப்பினால் கூடவே நகர்ந்தது. வலது கண்ணுக்குள் ரத்தக் கசிவு.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு கண்ணும் சேர்ந்து மங்கி, சுகரோடு ஏறி இறங்கினால் அது லென்ஸாக இருக்கலாம். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக முடிவு கட்டக் கூடாது. ஒரு கண் மட்டும் மங்கினாலோ, திடீரென்று புள்ளிகள் மிதந்தாலோ, நேர்க்கோடு நெளிந்து தெரிந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். சுகரால் விழித்திரை (கண்ணின் பின்பக்கம் வெளிச்சத்தை உணரும் படலம்) கெடத் தொடங்கும்போது வலிக்காது, பல பேருக்கு மங்கக்கூட மங்காது. அதனால்தான் டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம் பொதுவாக வருடத்துக்கு ஒரு தடவை. பிபியையும் விட்டுவிடாதீர்கள்.

டிராயர்:
நான் சொன்னது லென்ஸ் விஷயம் மட்டும்தான். விழித்திரையைப் பற்றி நான் எங்கே பேசினேன்?

வலதுகண்:
படிக்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதே.

ஊசிநூல்:
சரி, சண்டை வேண்டாம். அந்தச் சொட்டு மருந்துப் பரிசோதனை எனக்கு நாளை மறுநாள். வண்டி ஓட்டித் திரும்பலாமா?

வலதுகண்:
வேண்டாம். 4 முதல் 6 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.