முனையும் குவியமும் தெரிந்த சாய்ந்த பரவளையம்: எங்கே பிழை?

கேள்வி

முனை (1, 1), குவியம் (2, 2) கொண்ட பரவளையத்தின் சமன்பாட்டைக் காண வேண்டும். அச்சு சாய்ந்திருப்பதால் பாடநூலின் நான்கு திட்ட வடிவங்களில் எதுவும் பொருந்தவில்லை. முனைக்கு மறுபுறம், குவியம் இருக்கும் அதே தொலைவில் ஆதிப்புள்ளி அமைவதால், அதன் வழியே அச்சுக்குச் செங்குத்தாகச் செல்லும் எக்ஸ் + ஒய் = 0 என்ற கோட்டை இயக்குவரையாகக் கொண்டு, பரவளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் குவியத்திலிருந்தும் இயக்குவரையிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் என்பதால் (எக்ஸ் − 2)² + (ஒய் − 2)² = (எக்ஸ் + ஒய்)² என எழுதினேன். சுருக்கியபோது வர்க்க உறுப்புகள் அனைத்தும் நீங்கி, எக்ஸ்·ஒய் + 2எக்ஸ் + 2ஒய் − 4 = 0 என்று வருகிறது. இதில் முனையைப் பிரதியிட்டால் 1 = 0 ஆகிறது. பிழை எங்கே?

மறுமொழி 1

இயக்குவரை சரியே, பிழை வலப்பக்கத்தில் இருக்கிறது. ஒரு புள்ளிக்கும் அக்கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவைப் பெற, எக்ஸ் + ஒய் என்பதை √2 ஆல் வகுக்க வேண்டும் என்பதால், வலப்பக்கம் (எக்ஸ் + ஒய்)²/2 ஆகும். இருபுறமும் 2 ஆல் பெருக்கிச் சுருக்கினால் எக்ஸ்² − 2எக்ஸ்·ஒய் + ஒய்² − 8எக்ஸ் − 8ஒய் + 16 = 0, அதாவது (எக்ஸ் − ஒய்)² = 8(எக்ஸ் + ஒய் − 2) கிடைக்கும். பரவளையத்தில் இரண்டாம்படி உறுப்புகள் எப்போதும் முழு வர்க்கமாகவே அமையும். விடையை அடிக்கோடிடும் முன் அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது என் வழக்கம். நீங்கள் பெற்றதோ (எக்ஸ் + 2)(ஒய் + 2) = 8 என்னும் செவ்வக அதிபரவளையம். வகுக்காமல் விட்டதால், 1 ஆக இருக்க வேண்டிய மையத்தொலைத்தகவு (குவியத் தொலைவுக்கும் இயக்குவரைத் தொலைவுக்கும் உள்ள விகிதம்) √2 ஆகிவிட்டது.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா, முனை இப்போது பொருந்துகிறது. ஆனால் ஒய் = 0 எனப் பிரதியிட்டால் (எக்ஸ் − 4)² = 0 என ஒரே புள்ளிதான் வருகிறது. மீண்டும் தவறிவிட்டேனா?

மறுமொழி 2

தவறில்லை. இரு ஆய அச்சுகளும் இந்தப் பரவளையத்துக்குத் தொடுகோடுகள். தொடுபுள்ளிகளான (4, 0), (0, 4) ஆகியவற்றின் நடுப்புள்ளி குவியமே என்பதால், அவற்றை இணைக்கும் கோட்டுத்துண்டுதான் செவ்வகலம் (குவியத்தின் வழியே அச்சுக்குச் செங்குத்தாகச் செல்லும் நாண்). குவிநாணின் (குவியத்தின் வழியே செல்லும் நாண்) இரு முனைகளில் வரையப்படும் தொடுகோடுகள் இயக்குவரையின் மீது செங்கோணத்தில் சந்திக்கும் என்ற பண்பு இங்கே ஆதிப்புள்ளியில் கண்கூடாகத் தெரிகிறது. ஒரு பலகையில் இரு அச்சுகளிலும் 0 முதல் 4 வரை அரை அலகுக்கு ஓர் ஆணி அடித்து, கூட்டுத்தொகை 4 வரும் ஆணிகளை நூலால் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நூலும் இதே வளைவரையைத் தொட்டுச் செல்லும். √எக்ஸ் + √ஒய் = 2 என்பதை இருமுறை வர்க்கப்படுத்தினாலும் மேற்கண்ட சமன்பாடே வரும், ஆனால் அந்த வர்க்கமூல வடிவம் இரு தொடுபுள்ளிகளுக்கும் இடைப்பட்ட வில்லை மட்டுமே குறிக்கும்.