கொரோனா நேரத்தில் என்.எஸ்.எஸ். பொறுப்பில் இருந்தவர்கள் எப்படித் தாங்கினீர்கள்?

புது பி.ஓ.:
வணக்கம். கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். இந்த ஜூனில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) யூனிட்டை என்னிடம் ஒப்படைத்து, பி.ஓ. (திட்ட அலுவலர்) ஆக்கினார்கள். பீரோவைச் சுத்தம் செய்தபோது 2021 மே மாத நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், எதிரே 'இருமல்', 'அரிசி இல்லை', 'ஆக்சிஜன் 91'. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் எழுத்தே இல்லை, பேனாவை அழுத்தி வைத்த புள்ளிதான். பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. மறுபடியும் அப்படி ஒரு காலம் வந்தால் நான் தாங்குவேனா?

செங்கம் பக்கத்து பி.ஓ.:
மேடம், என் நோட்டிலும் அப்படி ஒரு பெயர் உண்டு.

2020இல் தெம்பாக இருந்தோம். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டோம், கபசுரக் குடிநீர் கொடுத்தோம். 2021 வேறு மாதிரி. மே 10 முழு ஊரடங்கு வந்ததும் பெற்றோர் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை, அது நியாயம்தான். நான் என் போன் நம்பரை ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டீக்கடைக்காரர் மனைவி அழைத்தார். விடியும்வரை ஆஸ்பத்திரியில் படுக்கை தேடினேன். கிடைப்பதற்குள் டீக்கடைக்காரர் போய்விட்டார். இரண்டு நாள் நான் போனையே தொடவில்லை.

மூன்றாம் நாள் இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி என் வீட்டுக்காரியின் நம்பருக்குக் கூப்பிட்டு, "சார், லிஸ்டைப் பிரிச்சுக் கொடுங்க" என்றாள். நூறு பேர் யூனிட்டில் நாற்பது பேர் முன்வந்தார்கள். ஆளுக்குப் பத்து வீடு, வீட்டிலிருந்தே போன். காய்ச்சல் இருக்கா, ஆக்சிஜன் எவ்வளவு, அடுப்பு எரியுதா, அவ்வளவுதான் கேள்வி. 94க்குக் கீழே இறங்கினால் 108. நான் அந்த நாற்பது பேரிடம் மட்டும் பேசினேன். பக்கத்துக் கல்லூரி பி.ஓ. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு என்னை அழைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அந்த ஒரு அழைப்பு இல்லையென்றால் நான் விட்டுவிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கும் அப்படி ஒருவரை இப்போதே பிடித்துவையுங்கள்.

அன்றைய வாலண்டியர்:
எனக்கும் பத்து வீடு வந்தது. தடுப்பூசிதான் பெரிய பாடு. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னதை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. நானும் வாதாடவில்லை. என் அப்பாயியைக் கூட்டிப்போய்ப் போட்டேன். மறுநாள் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் புளி கொட்டை எடுத்தது. போகிறவர்கள் எல்லாரும் நின்று கையைப் பார்த்தார்கள். "வலிச்சுது, அவ்வளவுதான்" என்றது. அந்த வாரம் எட்டுப் பேர் ஊசி போடப் போனார்கள். இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை என்று எங்களுக்குக் கணக்கு உண்டு. அந்த மாதம் யாரும் மணி எழுதவில்லை.

புது பி.ஓ.:
ரொம்ப நன்றி. நோட்டை எழுதிய சார் ஓய்வு பெற்று இதே ஊரில்தான் இருக்கிறார். அந்தப் புள்ளியைப் பற்றி அவரிடம் கேட்கலாமா?

செங்கம் பக்கத்து பி.ஓ.:
கேளுங்கள் மேடம். சாயங்காலமாகப் போங்கள். முதல் தடவை நோட்டை எடுத்துப் போகவேண்டாம்.