மறு: ‘ஸ்டிச் அண்ட் குளூ’ – ‘தைத்தொட்டல்’ சரிப்படுமா?

> ‘தைத்தொட்டல்’ போதுமே. தைக்கிறோம், ஒட்டுகிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஸ்டிச் அண்ட் குளூ’ என்பது ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டைப் பசையால் ஒட்டிப் படகு கட்டும் முறை. அதற்குத் தமிழில் ‘தைத்தொட்டல்’ என்கிற சொல்லில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது சொல்கிற படகு வேறு, நான் கட்டிக்கொண்டிருக்கிற படகு வேறு.

எங்கள் வீட்டு போர்டிகோவில் எட்டடிப் பாய்ப்படகு ஒன்று பாதியில் நிற்கிறது. கார் மூன்று மாதமாகத் தெருவில். பலகை ஆறு மில்லிமீட்டர் மெரைன் ப்ளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை), ஐ.எஸ். 710 தர முத்திரை போட்டது. அடிப்பலகை, பக்கப்பலகை எல்லாவற்றையும் தட்டையாகவே வெட்டிக்கொண்டேன். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சாணுக்கு இரண்டு துளை. எதிரெதிர்த் துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்துக் குறட்டால் முறுக்கினால், முறுக்க முறுக்கப் பலகை தானே வளைந்து அணியம் (படகின் முன்முனை) மேலே எழும்புகிறது. கீழே அச்சு கிடையாது, உள்ளே வங்கு (விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) கிடையாது. தட்டைத் துணியில் டாட் பிடித்ததும் ரவிக்கைக்கு உருவம் வருகிறதே, அதே வித்தை.

பிறகு எபாக்சியில் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் சூடேறி இறுகும் பசை) மரத்தூளைக் குழைத்து உள்மூலை நெடுகப் பூச வேண்டும். மொட்டை மாடியில் சுவரும் தளமும் சேருமிடத்தில் கொத்தனார் சிமெண்டைக் குழிவாக இழைப்பாரே, அப்படி ஸ்பூன் முதுகால் இழைத்துவிட்டு, மேலே கண்ணாடி இழை நாடா. (சித்திரை வெயிலில் ஒரே டம்ளரில் நிறையக் கலந்துவிட்டேன். பிளாஸ்டிக் டம்ளர் புகைந்து, கையிலேயே நெளிந்துவிட்டது. இப்போதெல்லாம் விடியற்காலையில், அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக.) பசை இறுகியதும் கம்பிக்கு வேலை தீர்ந்தது. சாலிடரிங் அயர்னால் சூடு காட்டி உருவிப் போட்டுவிடுகிறேன். தண்ணீரில் இந்தப் படகைப் பிடித்து வைக்கப்போவது பசையும் நாடாவும்தான்.

நம் கரையில் தைத்த படகு என்றால் மசூலா. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது அதுதான். ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். விறைத்து நிற்கிற படகு பிளந்துபோகும் இடத்தில் இது தப்பிக்கும். கேரளத்துக் கெட்டுவள்ளமும் கயிற்றால் தைத்ததே. அந்தத் தையலை உருவினால் மிஞ்சுவது பலகைக் குவியல். என் படகில் தையலை உருவினால்தான் அடுத்த வேலையே ஓடும். இரண்டுக்கும் ‘தை’ என்று ஒரே வினை போட்டால், பத்து வருஷம் கழித்துப் படிக்கிற பையன் மசூலாவையும் இதையும் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்வான்.

‘ஸ்டிச் அண்ட் குளூ’ முறையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1963-ல் இங்கிலாந்தில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு வந்த மிரர் படகு. வடிவமைத்தவர்கள் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுத் தச்சுவேலையைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்த பேரி பக்னெலும். சிவப்புப் பாய், பத்தடி பத்தங்குல நீளம், இதுவரை எழுபதாயிரத்துக்கு மேல். அதில் கம்பியை முழுக்க உருவுவதில்லை. வெளியே நீட்டுகிற முறுக்கை வெட்டி அரத்தால் ராவிவிடுவார்கள், உள்ளே இருப்பது நாடாவுக்கடியில் சும்மா கிடக்கும். அங்கும் பாரம் தாங்குவது கம்பி இல்லை.

தற்காலிகத் தையலுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: இழையோட்டுதல். அம்மா ரவிக்கையை மெஷினில் கொடுப்பதற்கு முன் வெள்ளை நூலால் நீள நீளமாக இழையோட்டிப் பார்ப்பார். அடித்து முடித்ததும் உருவிவிடுவார். ஆகவே என் பரிந்துரை ‘இழையோட்டு முறை’, ‘இழையோட்டுப் படகு’. வினையாகவும் நடக்கிறது: “நேற்று இடப்பக்கப் பலகையை இழையோட்டினேன், இன்று கம்பியை உருவினேன்.” ‘தைத்தொட்டினேன்’ என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

—

தம்பி, கருத்து சரிதான். காது இடிக்கிறது. ‘இழையோட்டு’ என்று நீங்கள் எழுதுவதை நாலு பேர் ‘இழையொட்டு’ என்று தட்டுவார்கள். ஒரு நெடில் குறைந்தால் பொருளே வேறு. அதுவும் ஃபைபர் படகு வந்தபிறகு இழை என்றாலே எல்லாருக்கும் கண்ணாடி இழைதான் ஞாபகம் வரும். உங்கள் படகிலேயே அதை ஒட்டவும் செய்கிறீர்கள். வெல்டிங் பட்டறையில் முதலில் அங்கங்கே ஒரு பொட்டு வைத்து ‘டேக் அடிப்பது’ என்பார்களே, அதுவும் இதே காரியம்தான். பொதுவாக ‘முன்தையல்’ என்று வைத்தால் என்ன?

—

அக்கா, ஓகாரம் ஒகரம் சங்கதியை நான் யோசிக்கவே இல்லை. மாட்டிக்கொண்டேன்.

‘முன்தையல்’ பெயராக அழகாக இருக்கிறது. ஆனால் ‘முன்தைத்தேன்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. கூடவே ‘தையல்’ திரும்பி வந்துவிடுகிறது, மசூலாச் சிக்கலும் பின்னாலேயே வரும். இப்படிச் செய்யலாமா: கம்பி கோப்பது இழையோட்டு, கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டுவதை ‘நாடா ஒட்டு’ என்றே சொல்வோம், அந்த இடத்தில் ‘இழை’யைத் தொடவே வேண்டாம். அப்படியானால் ‘இழையொட்டு’ என்று யாராவது தட்டினாலும் அது எழுத்துப்பிழை என்று தெரிந்துவிடும், வேறு பொருள் கொள்ள வழியில்லை. பட்டறை நண்பர்கள் ‘டேக்’ என்றே சொல்லட்டும், அதை மாற்ற நான் யார்.

அம்மாவைப் படகருகே அழைத்துப்போய்க் கேட்டேன், நூலுக்குப் பதில் கம்பி என்றாலும் இது இழையோட்டுதானே என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூட்டு நெடுக விரலால் தடவிப் பார்த்தார். “இழையோட்டுதான். ஆனா இவ்வளவு நெருக்கமாவா ஓட்டுவாங்க? உருவறதுக்குள்ள விடிஞ்சிரும்” என்றார்.

இன்னும் நாற்பது கம்பி பாக்கி. அதில் மூன்று பசைக்குள் மாட்டி முறிந்துபோயிற்று.