மறு: ‘கைமாற்றம்’ வேண்டாம், ‘பிடிமாற்றம்’ சரிவருமா?

வணக்கம்.

செல்பேசி போன்ற கருவி ஒரு வைஃபை அணுகுபுள்ளியை (வைஃபை தரும் பெட்டியை) விட்டு அடுத்ததற்குத் தாவுகிறதே, அந்த ஹேண்டோவரைத் தமிழில் ‘கைமாற்றம்’ என்று எழுதலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. கைமாற்று என்றதும் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. ‘ஒப்படைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒருவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வாங்க வேண்டும். செல்பேசி வலையமைப்பில் எந்தக் கோபுரத்துக்கு மாறுவது என்பதைப் பெரும்பாலும் வலையமைப்பே முடிவு செய்வதால் அங்கே பொருந்தலாம். வைஃபையில் முடிவு கருவியுடையது. யாரும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிப் பாருங்கள். திருப்பத்தில் குரல் ஓர் எழுத்தளவு விழுங்கப்படும், அப்புறம் சரியாகிவிடும். அந்த இடைவெளிக்குள் கருவி பழைய அணுகுபுள்ளியை விட்டு, புதியதில் சேர்ந்து, தான் யாரென்று மறுபடி நிரூபித்து, தரவைப் பூட்டும் மறையாக்கச் சாவிகளைப் பெறுகிறது. (2008-ல் வந்த 802.11ஆர் என்ற வைஃபை தரம் இந்தச் சாவி வேலையைச் சுருக்கியது.) நகர்வது கால், மாறுவது பிடி. ஆகவே ‘பிடிமாற்றம்’.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பழைய இணைப்பை அறுத்துவிட்டுப் புதியதில் சேரும் வகை ‘விட்டுப்பிடி’. சேர்ந்த பிறகே பழையதை அறுப்பதை ‘பிடித்துவிடு’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் ‘எப்படியாவது பிடித்துவிடு’ என்பதுபோல விடு துணைவினையாகிவிடும். ‘பிடித்தபின்விடு’ என்று நீட்டினால் குழப்பமில்லை. சிடிஎம்ஏ என்ற செல்பேசித் தொழில்நுட்பம் இரண்டாவது வகையைப் பயன்படுத்தியது. அதற்குப் பின் வந்த எல்டிஇ (4ஜி) விட்டுப்பிடிக்கே திரும்பியது. அதனால் ஆங்கிலத்தின் ‘ஹார்ட்’, ‘சாஃப்ட்’ என்பதைப் பின்பற்றி ‘வன்’, ‘மென்’ என்று அடைமொழி போட்டு ஒன்றை மட்டமாக்க வேண்டாம்.

‘சீம்லெஸ்’ என்பதற்குத் ‘தடையற்ற’ என்பது பொய். தடை இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ‘ஒட்டுத்தெரியாத’ என்பது நேர்மையான சொல்.

பிடியோடு கருவியின் இணைய (ஐபி) முகவரியும் மாறினால் வேறு கதை. தரவை வரிசை குலையாமல் சேர்க்கும் டிசிபி இணைப்பு, இரு முனைகளின் ஐபி முகவரியையும் எந்தச் செயலிக்கு என்று காட்டும் போர்ட் எண்ணையும் வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது. முகவரி மாறினால் இணைப்பு செத்தது. இதற்கு வழியாக 1996-ல் தரமாக வந்த மொபைல் ஐபி, கருவிக்கு மாறாத சொந்த முகவரி ஒன்றும் போன இடத்தில் இன்னொன்றும் கொடுத்து, சொந்த முகவரிக்கு வருவதை அங்கே திருப்பிவிட ஆளும் வைத்தது. போன இடத்து முகவரிக்கு (ஆங்கிலத்தில் ‘கேர்-ஆஃப் அட்ரஸ்’) ‘தங்கல் முகவரி’ என்பது என் பரிந்துரை. கடித உறையில் எழுதும் ‘மே/பா’வை விரித்து ‘மேற்பார்வை முகவரி’ என்றால் யாரோ கண்காணிப்பதுபோல் இருக்கிறது.

திருப்பிவிடும் ஆளுக்குத்தான் (ஆங்கிலத்தில் ‘ஹோம் ஏஜென்ட்’, சொந்த வலையில் இருக்கும் ரௌட்டர்) சொல் அகப்படவில்லை. ‘வீட்டு முகவர்’ என்றால் வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர் வந்து நிற்கிறார். இப்போதைக்குத் ‘தாய்வலை முகவர்’ என்று வைத்திருக்கிறேன். முகவரும் முகவரியும் ஒரே வரியில் முட்டிக்கொள்வதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.