புதுப்பிப்பு: ஜோவா ஏன் மூடிக்கிடந்தது என்று தெரிந்துவிட்டது

என் கடல்நீர்த் தொட்டியில் பச்சை ஜோவா (கல்லில் ஒட்டி வளர்ந்து பூப்போல விரியும், பவள இனத்தைச் சேர்ந்த உயிர்) மட்டும் பத்து நாளாகத் திறக்கவில்லை, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் ஆர்.ஓ. வடிகட்டியின் மெம்பரேன் போய்விட்டதோ என்று போன மாதம் கேட்டிருந்தேன். தண்ணீர் இல்லை, பூச்சிதான். ராத்திரி லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், ஒரு மொட்டு மெதுவாக நகர்கிறது! ஜோவா தின்னும் நுடிபிராங்க், ஓடில்லாத கடல் நத்தை. தின்கிற ஜோவாவின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்வதால் பகலில் எத்தனை தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை.

கல்லோடு எடுத்து, தொட்டித் தண்ணீரில் கலந்த அயோடின் டிப்பில் (பூச்சியை உதிர்க்கும் மருந்துக் குளியல்) வைத்து அலசியதில் ஏழு விழுந்தன. கையுறை, கண்ணாடி கட்டாயம், ஜோவாவில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெந்நீர் ஊற்றச் சொன்ன அண்ணா, அது மட்டும் வேண்டாம், அந்த ஆவியே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

டிப்பில் முட்டை சாகாது. தண்டுக்கு அடியில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருந்ததைத் தண்ணீருக்குள் வைத்தே கத்தி முனையால் சுரண்டினேன். அப்புறம் ஐந்து நாளுக்கு ஒரு டிப், மூன்றாவதில் எதுவும் விழவில்லை. நேற்று பாதி திறந்திருந்தது. புதிதாக வாங்கிய ஜோவாத் துண்டை டிப் செய்யாமல் நேராகத் தொட்டியில் போட்டது நான்தான், கடைக்காரரைத் திட்டியதற்கு மன்னிப்பு.