கத்தி தீட்ட எந்தக் கருவி வாங்குவது? அவசரம்

மலைத்தோட்டம்: வணக்கம். வீட்டிலுள்ள கத்திகள் எல்லாம் மழுங்கிவிட்டன, சாணை பிடிப்பவர் ஏற்காட்டுக்கு வருவதும் நின்றுவிட்டது. நாளை காலை சேலத்திற்கு இறங்குகிறேன். கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

செவ்வாய்ப்பேட்டை: எந்தக் கத்திகள் ஐயா? காய் நறுக்குவதா, காப்பிச் செடி கவாத்து செய்வதா?

கொண்டலாம்பட்டி: எதுவானால் என்ன, கை கிரைண்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

மூத்தவர்: கிரைண்டரின் அதிவேகச் சக்கரத்தில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம், அதாவது கடினம், போய்விடும், பிறகு கூர் நிற்காது. இதை இங்கே பலமுறை எழுதியாயிற்று. தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. முதலில் கேட்டதற்கு விடை சொல்லுங்கள்.

மலைத்தோட்டம்: மன்னிக்கவும். சமையலறைக் கத்திகள், ஒரு கொடுவாள், கவாத்துக் கத்தரி, பல் வைத்த ரொட்டிக் கத்தி.

மூத்தவர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சமையல் கத்திக்கு ஒருபுறம் 400, மறுபுறம் 1000 எண் கொண்ட இரட்டைத் தண்ணீர்க் கல் போதும் (எண் கூடினால் கல் நயம்). 15 முதல் 20 பாகைச் சாய்வில், எதிர்ப்புறம் விரலுக்குப் பிசிறு (விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய இரும்பு) தட்டுப்படும் வரை தீட்டிவிட்டுப் பக்கம் மாற்றுங்கள். கொடுவாள் மரத்தில் மோதுவது என்பதால் 25 முதல் 30 பாகை வேண்டும், அதற்கு அரமே நல்லது. அரம் பிடிக்காமல் வழுக்கினால் இரும்பு கடினமானது, சொரசொரப்பான கல்லுக்கு மாறிவிடுங்கள். கத்தரியில் சரிந்த முகத்தை மட்டும் தீட்ட வேண்டும், தட்டையான முகத்தில் பிசிறை வழித்தெடுத்தால் போதும். ரொட்டிக் கத்தியின் ஒவ்வொரு பள்ளத்திற்கும் நுனி சிறுத்த பீங்கான் கம்பிதான் சரி.

அஸ்தம்பட்டி: இவ்வளவு எதற்கு? இறைச்சிக் கடையில் உரசும் எஃகுக் கம்பி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும்.

செவ்வாய்ப்பேட்டை: அந்தக் கம்பி மடிந்த விளிம்பை நிமிர்த்துமே தவிர, மழுங்கிய கத்திக்குப் புதிதாகக் கூர் கொடுக்காது.

கொண்டலாம்பட்டி: கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் விட மறக்காதீர்கள், எங்கள் தாத்தா காலத்து வழக்கம்.

செவ்வாய்ப்பேட்டை: ஏற்காட்டு மார்கழிக் குளிரில் அது கல்லின் மேலேயே உறைந்துவிடும், எண்ணெய் குடித்த கல்லில் அப்புறம் தண்ணீரும் ஒட்டாது.

கொண்டலாம்பட்டி: சுடுநீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் ஒட்டும்.

மூத்தவர்: துளைகளுக்குள் இறங்கிய எண்ணெய் அவ்வளவு எளிதில் வெளியேறாது. தண்ணீர்க் கல்லுக்குத் தண்ணீர் மட்டுமே.

மலைத்தோட்டம்: இரட்டைக் கல்லும் அரமும் வாங்கினேன், தண்ணீர்தான் விட்டேன். கொடுவாள் நன்றாக வெட்டுகிறது. பீங்கான் கம்பி கிடைக்கவில்லை. நன்றி.

அஸ்தம்பட்டி: கத்தரி என்ன ஆயிற்று?