மூன்று மாவும் 40 ஏர்ஸும் ஒன்றா? பழைய பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிடுவது எப்படி?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):
மன்னார்குடிக்கு அருகில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் அது மூன்று மா என்று எழுதப்பட்டுள்ளது, இப்போதைய பட்டாவிலோ பரப்பு என்ற கட்டத்தில் "0 - 40.00" என்று மட்டும் காண்கிறது. அண்ணன் அதை 40 சென்ட் என்று படித்துவிட்டு, பாதிக்கு மேல் நிலம் பறிபோய்விட்டதாகப் பதறுகிறார். இரண்டும் ஒரே அளவுதானா என்பதையும், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எதை எழுதுவது என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சங்கிலிக்கணக்கு:
அண்ணன் பதற வேண்டியதில்லை. பட்டாவில் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர்ஸ். சென்ட் அங்கே எங்கும் இல்லை. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆகவே 40 ஏர்ஸ் 98.84 சென்ட் ஆகிறது.

தஞ்சை வட்டாரத்தில் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி கொண்டது ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. அந்தக் கணக்கில் தங்கள் மூன்று மா 43,200 சதுர அடி, 99.17 சென்ட். வித்தியாசம் ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒரே ஒரு குழி. மெட்ரிக்குக்கு மாற்றி முழுமையாக்கி எழுதியதில் இவ்வளவு குறைவது இயல்பே. அதற்காகப் பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பழைய புலப்படம் (வயலின் அளவு வரைபடம்) கையில் இருந்தால் அதையும் இதே கவனத்துடன் படிக்க வேண்டும். அதன் பக்க அளவுகள் மீட்டரில் இல்லாமல் லிங்க்ஸில் இருக்கலாம்: 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க்ஸ், 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட்.

முத்தியால்பேட்டை:
மேலே சொன்ன குழிக் கணக்கு காவிரிப் படுகைக்குத்தான் செல்லும். புதுச்சேரியில் எங்கள் குழி 576 சதுர அடி, அதாவது தங்கள் குழியைப் போல் சரியாக நான்கு மடங்கு. 100 குழி சேர்ந்தால் ஒரு காணி, 1.32 ஏக்கர். பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக, ஆவணங்களில் ஹெக்டேர், ஆர் (ஏர்தான்), சென்டியார் (ஒரு சதுர மீட்டர்) என்று மூன்று பகுதிகளாகப் பரப்பை எழுதுகிறோம். திண்ணையில் பேசும்போது எல்லாம் குழிதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் பார்க்கிறவர், குழிக்கு இவ்வளவு என்ற விலையைக் கேட்டு மலைத்துப் போவதற்கும் இதுவே காரணம். குழி என்று மட்டும் எழுதிய பத்திரம் உள்ளூர்க்காரர் இருக்கும் வரைதான் தெளிவாக இருக்கும்.

சம்பாப்பட்டம்:
ஆவணத்துக்கு ஹெக்டேர் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வயலில் இறங்கிய பிறகு மாவை விட்டுவிட முடியாது, ஏனென்றால் குத்தகை, நடவுக்கூலி, மகசூல் எல்லாமே எங்களிடம் மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகின்றன. படுகையின் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று வேளாண் பரிந்துரை சொல்கிறது. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா என்பதால் அது மாவுக்கு 20 கிலோ ஆகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 43 அல்லது 44 கிலோ யூரியா போதும், இன்றைய 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ ஒன்று. அடியுரமாக டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொண்டு, மீதியைத் தவணை தவணையாக இட வேண்டும். பரிந்துரைத் தாளில் மாக் கணக்கையும் ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

சங்கிலிக்கணக்கு:
பாகப்பிரிவினை பற்றிய கேள்விக்கு: சர்வே எண், உட்பிரிவு எண், ஹெக்டேர்–ஏர்ஸில் பரப்பு, அதற்குச் சமமான சென்ட், நான்கெல்லை ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். மூன்று மா என்பதைப் பழைய பத்திரத்தைச் சுட்டும் இடத்தில் மட்டும் குறிப்பிட்டால் போதும். இருவருக்கும் சமபாகம் என்றால் ஆளுக்கு 20 ஏர்ஸ் வரும். பத்திரம் எழுதுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து, நடுவில் கல் நட்டுக்கொள்ளுங்கள்.